சென்னை வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்தப் பவளம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சென்னையில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்கள். உப்புநீர் ஊற்றி இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. வீடியோவில் பார்த்த நீலமும் ஊதாவுமான கிளைப் பவளம் மனதைப் பிடித்துக்கொண்டது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, எந்தப் பவளம் வாங்கலாம் என்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் கேட்பது போல இருந்தாலும், இந்த வீட்டில், இந்த ஊர் வெயிலில் எது உயிரோடு இருக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தேன். பிறகு வேலைக்காக சிங்கப்பூரில் 9 ஆண்டுகள் இருந்தேன். அங்கே வன்பவளத் தொட்டி, அதாவது கல் போன்ற எலும்பு கட்டும் பவளங்களின் தொட்டி, வைத்திருந்தேன். சென்னை திரும்பி 6 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே அப்படிக் கல்லெலும்பு கட்டாத மென்பவளம் மட்டுமே வளர்க்கிறேன். இந்த மாற்றத்துக்கான காரணங்களில்தான் உங்களுக்கான பதிலும் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. கீழே சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் பகுதி வன அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த கிளைப் பவளம் பெரும்பாலும் அக்ரோபோராவாக இருக்கும். மான்கொம்பு போலக் கிளைக்கும், நுனியில் நிறம் வெளிறியிருக்கும். அதை இப்போது வாங்காதீர்கள். கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்பு கட்டும் பவளம் அது. அதனால் தண்ணீரின் காரத்தன்மை 7 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்த எண்கள் நாளுக்கு நாள் ஆடக் கூடாது. காலையில் 7, மாலையில் 9 என்று காரத்தன்மை ஏறி இறங்கினால், இரண்டுமே நல்ல எண்கள்தான் என்றாலும் பவளத்தின் நுனி கருகத் தொடங்கும். வலுவான விளக்கும், திசை மாறி மாறி அடிக்கும் வேகமான நீரோட்டமும் கூடவே வேண்டும். இரண்டு மாதத் தொட்டியில் இவை எதுவும் நிலைபெற்றிருக்காது. பாறையில் முதலில் பழுப்புப் பாசி, பிறகு பச்சைப் பாசி என்று வந்து அடங்கவே ஆறேழு மாதம் பிடிக்கும். சிங்கப்பூரில் நான் முதல் அக்ரோபோராவை ஐந்தாவது மாதத்தில் வைத்தேன். மூன்று வாரத்தில் அடியிலிருந்து தோல் உரிந்து வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. அதே இடத்தில் ஓராண்டு கழித்து வைத்த துண்டு நன்றாக வளர்ந்தது.

இன்னொரு காரணம் சட்டம். பலர் இதைப் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவில் பாறை கட்டும் வன்பவளங்கள் எல்லாமே, கூடவே கரும்பவளம், தீப்பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, கரையில் கிடக்கும் செத்த பவளக் கல்லை எடுத்து வருவதும் குற்றம்தான். "ராமேஸ்வரத்திலிருந்து வந்த லைவ் ராக்" (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) என்று யாராவது விற்றால், அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் வன்பவளத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதிக் காகிதம் வேண்டும், ஏனென்றால் உலகின் எல்லா வன்பவளங்களும் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அந்தக் காகிதத்தின் நகலையும் ரசீதையும் தர முடியாத கடைக்காரரிடம் எந்த வன்பவளமும் வாங்க வேண்டாம். காகிதம் காட்டினாலும், அது வீட்டில் வைத்துக்கொள்ளப் போதுமா என்பதை வன அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் இங்கே வன்பவளம் வளர்க்காததற்கு இது முதல் காரணம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அங்கே 117 வகை வன்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. அறிவித்த பிறகும் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே பவளத்தைப் பெயர்த்தெடுப்பது பல ஆண்டுகள் நிற்கவில்லை. 21 தீவுகளில் இரண்டு இன்று நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. மீதியிருப்பதை 1998, 2010, 2016 வெளிறல்கள், அதாவது கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போன நிகழ்வுகள், அடித்தன. படிக்கும் காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பாரில் இறங்கிப் பார்த்தபோது, கைவிரல் தொட்டால் பொடியாகும் செத்த கிளைகள்தான் நெடுகக் கிடந்தன. (அந்த ஊர் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்றுதான் சொல்வார்கள்.) அந்தக் காட்சிக்குப் பிறகு, கடலிலிருந்து பிடுங்கிய பவளத்தை வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எதை வாங்கலாம் என்பதற்கு முன் ஒரு விஷயம். சென்னையில் பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் கால்சியக் குறைவு அல்ல. மே மாத வெயிலும் மின்வெட்டும்தான் கொல்கின்றன. பவளத்தின் தோலுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை ஒளியிலிருந்து தயாரித்துக் கொடுப்பது அந்தப் பாசிதான். தண்ணீர் சூடேறினால் இந்தக் கூட்டு முறிகிறது, பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுக்கிறது. கடலில், ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே வெளிறல் தொடங்கிவிடும். "நம் கடலே 29 டிகிரிதானே, என் தொட்டி 30-இல் இருந்தால் என்ன?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடலில் அந்தப் பவளம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சூட்டில் இருந்து பழகியது, சுற்றிலும் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கிறது. உங்கள் தொட்டியில் பாறை, மணல் போக 150 லிட்டர் இருக்கும். ஏசி இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு அது 32-ஐத் தொடும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் முதலில் மூச்சுத் திணறுவது மீன், அடுத்து பவளம்.

ஆகவே தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்க என்ன வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாதல் மூலம் 2 டிகிரி, சில நாள் 3 டிகிரி இறங்கும். ஆனால் சென்னையின் ஈரக் காற்றில் பல நாள் அவ்வளவு இறங்குவதில்லை. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அறை நாள் முழுக்க 33 டிகிரியில் இருந்தால் விசிறி போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். சில்லர் வாங்கும் நிலையில் இல்லை என்றால் ஏசி ஓடும் அறைக்குத் தொட்டியை மாற்றலாம். மின்வெட்டுக்கு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றையாவது வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். விளக்கும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் நாலு மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது, நீரோட்டம் நிற்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே ஓய்ந்துவிட்டது. அந்தக் காற்று மோட்டாரும், நானும் மனைவியும் முறை வைத்துக் கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியதும்தான் தொட்டியைக் காப்பாற்றின. தோல் பவளங்கள் நாலு நாள் சுருங்கிக் கிடந்துவிட்டு விரிந்தன. அதுவே அக்ரோபோராவாக இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி பவளங்கள். உங்களுக்கு முதலில் நான் சொல்வது காளான் பவளம். டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் என்ற பெயர்களில் கிடைக்கும். கல்லில் ஒட்டிய தட்டையான வட்டத் தட்டு போல இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை, புள்ளி போட்டது என்று நிறம் உண்டு. உங்களுக்குப் பிடித்த நீலமும் ஊதாவும் இதிலேயே கிடைக்கும். குறைந்த ஒளி, மெதுவான நீரோட்டம், மீன் கழிவால் சேரும் நைட்ரேட் கொஞ்சம் உள்ள தண்ணீர், இவைதான் இதற்கு வேண்டும். புதுத் தொட்டியிலும் இவற்றைக் கொடுப்பது எளிது. கடையிலிருந்து தனிக் காளானாக வந்தால் பசையில் ஒட்டாது, வழுக்கி விழுந்துவிடும். சின்னக் கிண்ணத்தில் உடைகல் போட்டு, அதில் காளானை வைத்து, மேலே கொசுவலைத் துண்டைக் கட்டி ஓட்டமில்லாத மூலையில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தோல் பவளம். சார்கோபைட்டன் என்பது பெரிய குடை போல விரியும், சினுலேரியா விரல் விரலாக வளரும். கிளைப் பவளத்தின் வடிவத்துக்கு ஏங்கும் உங்களுக்கு சினுலேரியா பிடிக்கும் என்று நினைக்கிறேன். நீரோட்டத்தில் அது ஆடுவது கல்லாக நிற்கும் அக்ரோபோராவில் கிடைக்காத அழகு. இதை வாங்கினால் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல மங்கி, ஒரு வாரம் திறக்காமல் இருக்கும். செத்துவிட்டது என்று பயந்து இடம் மாற்றுவார்கள், மருந்து ஊற்றுவார்கள். அது தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதல் நீரோட்டம் பட்டால் உரிந்த தோல் போய்விடும், பிறகு முன்பைவிடப் பெரிதாக விரியும்.

பச்சை நட்சத்திரப் பவளத்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். உண்மையிலேயே அழகு, வயல் நாற்று காற்றில் அசைவது போல இருக்கும். ஆனால் அது பாய் விரிப்பது போலப் படர்ந்து பாறை முழுவதையும் மூடிவிடும், கண்ணாடியிலும் ஏறும். ஜீனியா என்னும் துடிக்கும் பவளமும் அப்படித்தான். இரண்டையும் வைக்க ஆசையிருந்தால், மற்றப் பாறைகளைத் தொடாமல் மணல் நடுவில் தனிக் கல்லில் மட்டும் வையுங்கள். நான் ஜீனியாவை முக்கியப் பாறையில் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பாறையையே தொட்டியிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

சோவாந்தஸ், பாலிதோவா என்னும் பொத்தான் பவளங்களைப் பற்றி எச்சரிக்கையோடுதான் சொல்ல முடியும். நிறத்தில் இவற்றுக்கு இணையே இல்லை, வளர்ப்பதும் எளிது. ஆனால் இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நச்சுகளில் அது ஒன்று. எந்தத் துண்டில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது, கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டியில் கையே விடக் கூடாது. இந்தப் பவளம் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்க வைப்பதோ அறவே கூடாது. ஆவியோடு நச்சைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. என் மகள் பிறந்த ஆண்டு என்னிடம் இருந்தவற்றை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.

கோமாளி மீன் இருப்பதால் அடுத்து கடல் சாமந்தி (கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோனி) வாங்கத் தோன்றும். ஓராண்டாவது பொறுங்கள். அது இடம் பிடிக்கவில்லை என்றால் நடந்து போகும், வேவ்மேக்கருக்குள் சிக்கி அரைபட்டால் ஒரே இரவில் தொட்டித் தண்ணீர் கெட்டுவிடும். கடையில் பளீரென்ற மஞ்சள் நிறத்தில் விற்பது பல நேரம் வெளுத்த விலங்குக்குச் சாயம் ஏற்றியது. மீன் தோல் பவளத்திலேயே குடியேறலாம், என்னிடம் உள்ள ஜோடி சார்கோபைட்டன் குடைக்குள்தான் தூங்குகிறது. எல்லா மீனும் அப்படிச் செய்யும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆரஞ்சுப் பூ போல இருக்கும் சூரியப் பவளத்தையும், கார்னேஷன் என்று விற்கும் இளஞ்சிவப்பு மரப் பவளத்தையும் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். அவற்றுக்குள் பாசி இல்லை, ஒளியால் வாழாது. முதலாவதற்கு ஒவ்வொரு வாயாக உணவு ஊட்ட வேண்டும், இரண்டாவது வீடுகளில் பெரும்பாலும் மெல்லப் பட்டினியால் சாகிறது. போதாததற்குச் சூரியப் பவளம் வன்பவளம், மேலே சொன்ன சட்டம் அதற்கும் பொருந்தும்.

கடையில் பார்க்கும்போது நிறத்துக்கு முன் கவனிக்க வேண்டியது, பவளம் விரிந்திருக்கிறதா, அடிப்பாகம் கல்லில் உறுதியாக இருக்கிறதா, எங்காவது கூழ் போலக் கரைகிறதா என்பவைதான். நேற்றுத்தான் பெட்டியில் வந்திறங்கியது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போங்கள். கடலிலிருந்து எடுத்ததைவிட, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டிய துண்டு எப்போதும் மேல். தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கனவே பழகியது, கடலுக்கும் இழப்பில்லை. சென்னையில் மென்பவளம் வளர்ப்பவர்கள் துண்டு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், விசாரித்தால் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் பவளக் குளியல் மருந்தில் ஐந்து பத்து நிமிடம் முக்கியெடுங்கள். புழுவும் நத்தையும் விழும், ஆனால் அவற்றின் முட்டை சாகாது. அதனால் முடிந்தால் மூன்று நாலு வாரம் தனி டப்பாவில் வைத்துக் கண்காணியுங்கள். பழுப்பு நிறத்தில் சின்னத் தென்னை மரம் போல ஒன்று கல்லில் நின்றால் அது எய்ப்டேசியா என்னும் தொல்லை தரும் சின்னக் கடல் சாமந்தி. அந்தக் கல்லை உள்ளே விடாதீர்கள், ஒன்று நூறாகும்.

மென்பவளங்கள் ஒன்றையொன்று வேதிப்பொருளால் தாக்கும் என்பது உறுதியான செய்தி. சார்கோபைட்டனும் சினுலேரியாவும் டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் விடுகின்றன. வீட்டுத் தொட்டியில் அது எந்த அளவு பாதிக்கும் என்பதில் வளர்ப்பவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இவற்றை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனை நான் மாதம் ஒருமுறை மாற்றுகிறேன், பவளங்களுக்கு இடையில் ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். புட்டியில் விற்கும் பவள உணவு பற்றியும் இப்படித்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அனுபவத்தில் மென்பவளத்துக்கு மீனுக்குப் போடும் தீவனமும் அதன் கழிவுமே போதும், புட்டி ஊற்றிய மாதங்களில் பாசிதான் கூடியது. நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். இரண்டையும் பூஜ்யம் ஆக்கப் பாடுபடாதீர்கள், காளான் பவளம் சுருங்கிவிடும். உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 அளவுக் கரைசலில் சரிபாருங்கள். வாரம் 15 லிட்டர் மாற்றினால் கால்சியம் தனியாக ஊற்றத் தேவையில்லை, மென்பவளம் அவ்வளவு எடுக்காது. தண்ணீர் ஆர்ஓவில் வடிந்து, மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ பிசின் வழியாக வந்து, டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும், வீட்டுக் குடிநீர் ஆர்ஓ மட்டும் போதாது. கடற்கரையில் குடத்தில் மொண்டு வருவதையும் விடுங்கள். ஆற்றுக் கழிவு கலக்கும் கரை இது, வடகிழக்குப் பருவமழையில் உப்பளவும் இறங்கிவிடும்.

விளக்கைப் பொறுத்தவரை, ஒளி குறைந்து செத்ததைவிடத் திடீர் வெளிச்சத்தில் வெந்து செத்த பவளங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். புதிதாக வருவதை மணலில் வைத்து, விளக்கைப் பாதியாகக் குறைத்து, மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். பிறகு தோல் பவளத்தை நடுவுக்கு ஏற்றலாம், காளான் கீழேயே இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு கேள்வி. இந்த இரண்டு மாதத்தில் மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால் பாறையும் மணலும் அதை உறிஞ்சியிருக்கும், பவளத்துக்கு அது விஷம். தாமிரச் சோதனை செய்து, தேவையானால் பாறையை மாற்றிய பிறகே மேலே போகலாம். ஊற்றவில்லை என்றால், 15,000-இல் முதல் பாதியை மின்விசிறி, பேட்டரிக் காற்று மோட்டார், காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் சோதனைப் பெட்டிகளுக்கு எடுத்து வையுங்கள். மீதியில் காளான் கல் ஒன்று. ஒன்றரை மாதம் கழித்து, அது விரிந்து நின்றால், சினுலேரியா ஒரு துண்டு. அதற்கு முன் ஏழு நாள், மதியம் இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் தண்ணீர் வெப்பத்தைக் குறித்து இங்கே எழுதுங்கள். விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா என்பதை அந்தப் பதினாலு எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.